98 காட்டினால் பிழைத்துவிட்டான் என்று அர்த்தமா?

பி.காம் படிக்கிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள். கணக்கு தப்பு என்று சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை.

தீ விபத்து என்றால் நம்ம ஊரில் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் தீக்காயம்?" காயமே இல்லை என்றால், "நல்லவேளை, தப்பிச்சான்!" இந்தப் பேச்சைத்தான் எதிர்க்கிறேன். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை தீயில் இறந்த ஆறு பேரும் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள். 2011-ல் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் தீ பிடித்தது அடித்தளத்தில். இறந்த சுமார் 90 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது மாடிகளுக்கு ஏறிய புகை.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். கொடுமை என்னவென்றால், விரலில் மாட்டும் சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் செத்துக்கொண்டிருக்க, அது ஜம்மென்று 98 காட்டும். கள்ளநோட்டையும் சேர்த்து எண்ணும் கணக்குப்பிள்ளை மாதிரி!

எனவே மெஷினை விட்டு ஆளைப் பாருங்கள். தலைவலி, வாந்தி, குழப்பம், மயக்கம் இருந்தால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும். மூக்கில் கரி, குரல் கம்மல் என்றால் தொண்டை வீங்கி மூச்சே அடைபடலாம். அதற்குள் குழாய் போட வேண்டியிருக்கும். ஃபோம் மெத்தை, நைலான் எரிந்திருந்தால் சயனைடும் சேரும். அதற்கு ஹைட்ராக்சோகோபாலமின் என்ற மாற்று மருந்து உண்டு.

"திருச்சிக்கு அனுப்பிட்டோம்" என்பது சிகிச்சை அல்ல. சாதாரணக் காற்றில் இந்த விஷம் ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஆம்புலன்ஸ் கதவு மூடும்போதே ஆக்சிஜன் தொடங்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

இது யாருக்கோ வந்த பிரச்சினை இல்லை மக்களே. 2023 அக்டோபர் 9-ல் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெடிமருந்துப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலில் நீர் கோர்க்கச் செய்யும், அதுவும் பல மணி நேரம் கழித்து! "நல்லாத்தான் இருக்கான்" என்று உடனே வீட்டுக்கு அனுப்பலாமா?

2022-ல் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூர் உண்டு, பெரம்பலூர் இல்லை. இரண்டு ஊரிலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி ராத்திரி இரண்டு மணிக்கும் வேலை செய்யுமா? செத்தபின் நிவாரணம் எழுதும் கையெழுத்தை, முன்கூட்டியே இந்தக் கருவிக்குப் போடச் சொல்லுங்கள்.