வெட்கத்தை விலைபேசும் கூட்டம்

பேருந்து நிலையத்துச் சுவரைப் பார்த்திராத தோழர் யார்? கழிப்பிடத்துக்குப் போகும் வழியில், "இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம், வருக!" என்று கொட்டை எழுத்தில் அழைப்பு. கீழே விடுதியின் பெயர், அறை எண், 'பரம்பரை வைத்தியர்' வந்து தங்கும் தேதி. சிட்டுக்குருவி லேகியம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை தலைமுறை உழைப்பாளியின் கூலியை உறிஞ்சியது இந்தக் கூட்டம்! இன்று சுவரோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. லேகியத்தோடு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. கூட்டம் மட்டும் அதே கூட்டம்.

இதையெல்லாம் ஏட்டில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். அந்த முகச்சுளிப்பை முதலாக வைத்துத்தான் அவர்கள் கடையே நடக்கிறது.

மருந்தைப் பழிப்பது நம் வேலையன்று. சில்டெனாபில் விஞ்ஞானம் தந்த பொருள். இங்கிலாந்தின் சாண்ட்விச் என்னும் ஊரில் பைசர் கம்பெனி ஆய்வாளர்கள் மார்வலிக்கு மருந்து தேடினார்கள். தேடியது கிடைக்கவில்லை, சோதனைக்கு வந்த ஆண்களிடம் வேறொரு விளைவு தென்பட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. வயாகரா என்ற பெயரோடு உலகைச் சுற்றியது. அது ஆசையை ஊட்டாது. ஆசை எழும்போது இரத்தக் குழாயைத் தளர்த்தி இரத்தம் பாய வழிவிடும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

ஆனால் குழாய் தளர்வது ஓரிடத்தோடு நிற்குமா? தலைவலி வரும். முகம் சிவந்து காந்தும். மூக்கடைக்கும், நெஞ்சு எரியும். சிலருக்குப் பார்ப்பதெல்லாம் நீலமாகத் தெரியும். கண்ணின் விழித்திரையிலும் அந்த மருந்து சிறிது கைவைப்பதே காரணம். இவை சில மணி நேரத்தில் தீர்பவை. திடீரெனப் பார்வை போனதும், காது அடைத்துப்போனதும் அரிதாக நடந்திருக்கின்றன. 2005-லும் 2007-லும் அமெரிக்க அரசு எச்சரிக்கை அச்சிடச் செய்தது. எழுச்சி 4 மணி நேரம் கடந்தும் அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். நாணி வீட்டில் கிடந்தால் உறுப்பே பாழாகும்.

இவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. நெஞ்சுவலிக்காரர் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு இது சேரவே கூடாது. இரண்டும் இரத்தக் குழாயை விரிப்பவை. ஒன்று மதகைத் திறக்கிறது. மற்றது வடிகாலை அடைக்கிறது. இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சில்டெனாபில் உண்டவருக்கு 24 மணி நேரம், டடாலாபில் உண்டவருக்கு 48 மணி நேரம் நைட்ரேட் ஆகாது.

எண்ணிப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஐம்பது வயதுத் தொழிலாளி, கடைக்காரரிடம் கண்ணால் கேட்டு, காகிதத்தில் மடித்து வாங்கி விழுங்கிவிட்டார். நள்ளிரவில் மார் வலிக்கிறது. அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்கிறார்: "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" பக்கத்தில் மனைவி, கட்டிலோரம் வளர்ந்த மகன். "ஒண்ணும் சாப்பிடலைங்க" என்கிறார். டாக்டர் நம்பி, நைட்ரேட் கொடுக்கிறார்! யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

மாத்திரை வேண்டாம், மூலிகையே மேல் என்போருக்கு 2008-இல் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்வோம். சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ஒருவர் தவிர எல்லோரும் ஆண்கள், இரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி ஐந்தே மாதத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பலர் உட்கொண்டது போலி மாத்திரையும் 'மூலிகை' வீரிய மருந்தும். சோதித்தபோது உள்ளே இருந்தது கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை நோய் மருந்து! ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தனர். அவர்களில் நால்வர் மாண்டனர். கட்டுப்பாட்டுக்குப் பேர்போன சிங்கப்பூரிலேயே இந்தக் கதியென்றால், விடுதி அறையில் ரசீதில்லாமல் விற்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று எவர் கண்டார்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-லேயே மத்திய அரசு இயற்றிய மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டம், இன்ப வலிமை கூட்டும் மருந்தென்று விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. சட்டம் பிறந்து எழுபது ஆண்டு கடந்தும் சுவர் பேசுகிறது! போலீஸ்காரர் படிக்காத சுவரா அது? டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாத மாத்திரை மிட்டாய் போல் கைமாறுவதை மருந்து ஆய்வாளர் அறியமாட்டாரா?

இன்னொன்று. இந்தத் தளர்ச்சி பல பேருக்கு நோயன்று, நோயின் முன்னறிவிப்பு. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, பீடி, சாராயம் ஆகியவற்றால் குழாய்கள் கெடும்போது சிறிய குழாய் முதலில் காட்டிக்கொடுக்கிறது; இதயத்தின் முறை பின்னால் வரும். அந்த மணியோசையை மாத்திரையால் அமுக்கிவிட்டு நடப்பவர் எத்தனை பேர்! 'ஆண்மை' என்ற சொல்லையே பெரியார் கேள்வி கேட்ட நாடு இது. இரத்தக் குழாய்க் கோளாறுக்கு 'ஆண்மைக் குறைவு' என்று பெயர் வைத்து, அவமானத்தைக் கட்டி ஆணின் தலையில் ஏற்றியவர்கள் நாம்தான்.

சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மருந்து தர வீடு தேடிச் செல்லும் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. சர்க்கரையைக் கேட்கும் வாய் இதையும் ஒரு வார்த்தை கேட்கட்டும், தனியாக அழைத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு நாளாவது, ஆண்கள் கூசாமல் பேச ஓர் அறை ஒதுக்கட்டும். மருந்துத் துறை 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்கட்டும்.

நம் படிப்பகங்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் கரும்பலகை இருக்கிறது. கிளைத் தோழர்கள் இந்த வாரம் அதில் இரண்டே வரி எழுதுங்கள்: நெஞ்சுவலிக்கு மாத்திரை உண்பவர் இந்த மாத்திரையைத் தொடாதீர்; தொட்டுவிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்.