அட்வான்ஸ் யார் காசு பாஸ்?

போன வாரம் கேன்டீனில் ஒரு பட்டிமன்றம். ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தருக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைச்சிருக்கு. ட்ரீட் வெச்சார். ட்ரீட்னா, ஆளுக்கு ரெண்டு சமோசா! நான் மூணாவதுக்குக் கை நீட்டறப்போ, அண்ணன் தன் மாஸ்டர் பிளானை அவிழ்த்துவிட்டார். ''வேலைக்குச் சேர்ந்து ரெண்டே வருஷம்... லோன் போட்டு ஒரு ஃப்ளாட். வாடகைக்கு விட்டுட்டா, வாடகையே ஈ.எம்.ஐ-யைக் கட்டிடும். நாம காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம் மச்சி!''

மொத்த டேபிளும் கைதட்டுச்சு. நான் மட்டும் சமோசாவைக் கீழே வெச்சுட்டேன். ஏன்னா, அந்தப் படத்தோட செகண்ட் ஹாஃப் எங்க வீட்டிலேயே ஓடி முடிஞ்சது!

எங்க அக்கா 2017-ல் வேலைக்குச் சேர்ந்தாள். 2021-ல், அதாவது 25 வயசில், குரோம்பேட்டையில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினாள். விலை 35 லட்சம். பேங்க் கொடுத்தது 28 லட்சம். மீதி 7 லட்சம் கையிலிருந்து. 'அவ்வளவுதானே'னு நினைச்சா, பத்திர ஆபீஸ் வாசலில் இன்னொரு அடி. அப்போ முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். (2023-ல்தான் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக் குறைச்சாங்க.) ஆக இன்னொரு 3 லட்சத்து 85 ஆயிரம். அப்பாவோட பி.எஃப். பணமும் அக்காவோட நாலு வருஷ சேமிப்பும் அதிலேயே காலி.

காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்த குடும்பம் நாங்க. விழுப்புரத்தில் இதுவரை அஞ்சு வீடு மாறியாச்சு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு அம்மா ஒரு ஆணியை எடுத்து, யாரையும் கேட்காம ஹால் சுவரில் அடிச்சாங்க. ''நம்ம வீட்டுச் சுவருடா!''னு ஒரு சிரிப்பு. அதை மட்டும் எந்த கால்குலேட்டராலும் கணக்குப் பண்ண முடியாது.

2022-ல் அக்காவுக்கு பெங்களூரு டிரான்ஸ்ஃபர். ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டாள். மாசம் 13,000 ரூபாய். அட்வான்ஸ்? சென்னையில் பத்து மாச வாடகையைக் கேட்கிற பழக்கம் இருக்கே... பேசிப் பேசி ஒரு லட்சத்தில் முடிஞ்சது. குடிவந்தவர் ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். மனைவி, ஒரே பொண்ணு. நான் அந்த ஏரியா பக்கம் காலேஜ் சேர்ந்ததும், எனக்கு 'லோக்கல் ஓனர்' பதவி கிடைச்சது. சம்பளம் இல்லாத பதவிதான். ஆனா, அந்த அண்ணன் வீட்டு டீ செம டேஸ்ட்!

இப்போ சீனியர் அண்ணனோட கணக்குக்கு வருவோம். 28 லட்சம், 7 சதவீத வட்டி, 20 வருஷம்... ஈ.எம்.ஐ. 21,708 ரூபாய். வாடகை 13,000. மீதி 8,700 அக்காவோட சம்பளத்திலிருந்து. இன்னொரு கொடுமை, முதல் மாசம் கட்டின 21,708-ல் 16,333 வட்டிக்கே போச்சு. அசலில் கழிஞ்சது வெறும் 5,375!

அதோட முடியலை. 2022 மே மாசத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏத்திடுச்சு. அக்காவோட லோன் ஃப்ளோட்டிங் ரேட். பேங்க் தவணைக் காலத்தை நீட்டி ஒரு மெசேஜ் அனுப்பிச்சு. (2025-ல் ரெப்போ மறுபடி இறங்கினது தனிக்கதை.) வட்டி ஏறினதும் வாடகையை ஏத்த முடியுமா? அந்த அண்ணனுக்கு வர்ற கூலி ரிசர்வ் வங்கியைக் கேட்டு ஏறாதே!

வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசமும் வாடகை வரும்னு நினைக்கிறது இன்னொரு தப்பு. ஆள் மாறும்போது ஒண்ணு ரெண்டு மாசம் வீடு பூட்டிக் கிடக்கும். ஆள் மாறுற வருஷத்துக்குப் பத்து மாசம்னு வெச்சா 1,30,000. மெயின்டனன்ஸ் 18,000, சொத்து வரி 2,000 போனா மிச்சம் 1,10,000. வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு கிட்டத்தட்ட 39 லட்சம். வருமானம் மூணு சதவீதம்கூட இல்லை பாஸ்!

சரி, கிளைமாக்ஸ். 2024 மே மாசம், பொண்ணுக்குக் கிடைச்ச காலேஜ் பக்கத்திலேயே வீடு பார்த்துட்டதா அந்த அண்ணன் போன் பண்ணினார். ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டார். ''ஜூன்ல காலி பண்ணிடறேன் தம்பி. அட்வான்ஸை மட்டும் அக்காகிட்ட ரெடி பண்ணச் சொல்லுங்க.''

அக்காகிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த ஒரு லட்சத்தை பெங்களூரில் தன் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸா எப்பவோ கொடுத்துட்டாள். ஜூன் வந்துச்சு. அவங்க காலி பண்ணிட்டாங்க. பணம் இல்லை. அக்கா விழுப்புரம் வந்திருந்த ஒரு ஞாயித்துக்கிழமை, அந்த அண்ணன் நம்பரிலிருந்து போன். அக்கா எடுக்கலை. மறுபடி அடிச்சது. எடுக்கலை.

அப்பா பார்த்துக்கிட்டே இருந்தார். பழைய வீட்டு ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்க நாலு தடவை நடந்த மனுஷன் அவர். பெயின்ட்டுக்கு இவ்வளவு, ஆணி அடிச்ச ஓட்டைக்கு இவ்வளவுனு கழிச்சுக்கிட்டு மீதியைத்தான் கொடுத்தாங்க. ''போனை எடும்மா''ன்னார். ''அவர் காசை அவரே கெஞ்சிக் கேட்கிற மாதிரி வைக்காதே.''

அக்கா மெதுவா, ''பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகையைக் கழிச்சுக்கலாமாப்பா? எல்லாரும் அப்படித்தானே...''ன்னாள். அப்பா பதில் சொல்லலை. பேன்ட்டை மாட்டிக்கிட்டு ஏ.டி.எம். கிளம்பிட்டார்.

அக்காகிட்ட 40,000. அவ ஃப்ரெண்ட்கிட்ட கைமாத்து 15,000. மீதி 45,000, எனக்காக அப்பா எடுத்து வெச்சிருந்த செமஸ்டர் ஃபீஸ்! பைசா கழிக்காம ஒரு லட்சத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பதினோரு நாள் லேட்டா. இடையில புது வீட்டு அட்வான்ஸுக்கு அந்த அக்காவோட வளையல் அடகுக்குப் போயிருந்தது. அந்த அண்ணன் கோபப்படலை. கடைசி ஈ.பி. ரீடிங்கை எழுதி வெச்சிருந்த சீட்டையும், அதுக்கான 640 ரூபாயையும் எண்ணி என் கையில் கொடுத்தார். வாங்கறப்போ எனக்குத்தான் கூசுச்சு. அப்புறம் நான் ஃபைன் கட்டி செமஸ்டர் ஃபீஸ் கட்டினதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

அந்த வீடு ரெண்டு மாசம் பூட்டியே கிடந்தது. அந்த ரெண்டு மாசத்தில் அக்காவும் நானும் சட்டம் படிச்சோம். (சப்ஜெக்ட்டை இப்படிப் படிச்சிருந்தா அரியர் இருந்திருக்காது!) ஓனருக்கும் குடியிருப்பவருக்குமான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் போட்டது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதிக்கலைன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை ஆணையத்தில் பதிவு பண்ணணும். 'பதினோரு மாசம்தானே'னு தப்பிக்க முடியாது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சின்ன ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிக்கிறது? ஓனர் பொறுப்பு! வீட்டைப் பார்க்கப் போகணும்னாகூட 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும். தண்ணி, கரன்ட்டை கட் பண்ணி மிரட்டறது சட்டப்படி தப்பு.

அடுத்து வந்தவங்ககிட்ட அக்கா மூணு மாச அட்வான்ஸ்தான் வாங்கினாள். அன்னிக்கே அதைத் தனியா ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டாச்சு. ரசீதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, ''டேய், இது என் காசு இல்லை. நான் தொட்டா நீதான் கேட்கணும்''னாள்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் சீனியர் அண்ணன் முகம் சுருங்கிப்போச்சு. ''அப்போ வீடே வாங்கக் கூடாதா?''

''வாங்குங்கண்ணா. ஆனா ஆறு மாசம் வாடகையே வரலைன்னாலும் ஈ.எம்.ஐ. கட்டற அளவுக்குக் கையில் காசு சேர்த்துட்டு வாங்குங்க. வாங்கற அட்வான்ஸைக் கடன் நோட்டுல எழுதுங்க. வருமானத்துல எழுதாதீங்க.''

அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் அந்த மூணாவது சமோசாவை என் தட்டுல வெச்சார். ''கன்சல்டன்ஸி ஃபீஸ். வெச்சுக்கோ!''

அது கண்டிப்பா என் காசுதான். சாப்பிட்டுட்டேன்!