ஊர்நூலகம் இளையோரின் உலைக்களம் ஆகுக!

ஓர் ஊரின் அறிவுநிலையை அளந்தறிய விரும்புவோர் அவ்வூரின் மாடமாளிகைகளையும் கடைத்தெருக்களையும் சுற்றிப் பார்க்க வேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவ்வூர் நூலகத்தினுள் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும். தமிழகத்துக் கிளைநூலகங்கள் பலவற்றுள் இன்று காணப்பெறும் நிலை இது: முன்னறையில் முதியோர் சிலர் நாளிதழ்களைப் புரட்டிக் கொண்டிருப்பர், உள்ளறையில் இளைஞர் சிலர் அரசுத் தேர்வுக்குரிய வினாவிடை நூல்களில் ஆழ்ந்திருப்பர், சிறுவர்க்கென ஒதுக்கப்பெற்ற நூல்களோ எடுப்பாரின்றிப் புழுதி படிந்து கிடக்கும். அவற்றை நாடி வரும் சிறுவரும் இலர். நாடி வரச் செய்வாரும் இலர்.

இந்நிலை தமிழ்நாட்டிற்கு நேர்ந்திருக்கக் கூடாத நிலையாகும். நூல்கள் பூட்டி வைத்தற்குரியன அல்ல, பயன்கொள்ளுதற்கே உரியன என்பதை முதலாவதாக வைத்து ஐந்து நூலக நெறிகளை வகுத்து, 1931-ஆம் ஆண்டில் நூலாக உலகிற்கு அளித்தவர், சீர்காழியிற் பிறந்த அரங்கநாதனார். அதே ஆண்டில்தான், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபையார் என்னும் பெருந்தகை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர் மக்களின் வாயிலுக்கே கொண்டுசென்று வழங்கும் அரும்பணியைத் தொடங்கினார். பின்னர், அவினாசிலிங்கனார் கல்வியமைச்சராய் இருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதல் இயற்றப்பெற்ற பொதுநூலகச் சட்டம் அதுவேயாகும்.

அச்சட்டத்தின் வழியே, வீட்டுவரியாகச் செலுத்தப்பெறும் ஒவ்வோர் உருபாவிற்கும் பத்துக் காசு நூலகவரியாக மக்களிடமிருந்து பெறப்படுகின்றது. கூலிவேலை செய்து ஓட்டு வீடொன்று கட்டிக்கொண்ட எளியவரும் அவ்வரியைச் செலுத்துகின்றார். எனவே, நூலகம் யாரோ இரங்கிக் கொடுத்த கொடையன்று. மக்கள் தம் உழைப்பால் வாங்கிய உடைமை. அவ்வுடைமையிற் பெரும்பங்கு அவர்தம் பிள்ளைகளுக்கே உரியது.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இலும், மதுரையில் 2023-இலும் எழுந்த பெருநூலகங்களில் சிறுவர்க்கெனத் தனிப்பகுதிகள் அழகுற அமைக்கப்பெற்றுள்ளன. அது பாராட்டத்தக்கதே. ஆயினும், அக்கட்டடங்களைப் பார்க்கவும் வாய்ப்பில்லாத பிள்ளைகளே நாட்டில் மிகுதி. அவர்களுக்கு நூலகம் என்பது பேருந்து நிறுத்தத்தின் அருகிலோ ஊராட்சி அலுவலகத்தின் பக்கத்திலோ உள்ள ஓர் அறைதான். 'வாசகர் வட்டம்' என்னும் பெயரில் அங்கு இயங்கும் படிப்போர் வட்டங்களுள் சில, ஆர்வமுள்ள நூலகராலும் ஊரார் இருவர் மூவராலும் நற்பணி ஆற்றி வருகின்றன. பலவற்றிலோ, ஆண்டுக்கொரு விழா. அவ்விழாவில் பெரியோர்க்குப் பொன்னாடை. ஒருவரை ஒருவர் புகழ்ந்து நீண்ட உரைகள். பிள்ளைகள் வரிசையாய் அமர்ந்து கைதட்டுதற்கு மட்டுமே அழைக்கப்பெறுகின்றனர். கைதட்டப் பழகிய பிள்ளை நூலைத் தொடப் பழகுவதெப்போது?

தமிழர் வீட்டிற் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் பலர், தமிழ்ப் பக்கமொன்றைத் தட்டுத் தடுமாறியே படிக்கின்றனர். பாட்டன் எழுதிய மடலைப் பெயரன் படிக்க மாட்டாத நிலை நம் கண்முன்னே உருவாகி வருகின்றது. பள்ளி அதனைத் திருத்தவில்லை. பெற்றோரிற் பலர் அதனைப் பெருமையாகவே கருதுகின்றனர். மதிப்பெண்ணும் கட்டணமும் அச்சமும் இன்றி, ஒரு பிள்ளை தமிழை விரும்பிக் கற்றற்குரிய பொதுவிடம் ஊரில் எஞ்சியிருப்பது நூலகம் ஒன்றே. அவ்விடத்தையும் இழந்தால், போக்கிடமில்லை.

ஆதலின், ஒவ்வொரு நூலகத்திலும் கிழமைக்கு ஒருநாள், ஒரு மணிநேரம், இளையோர்க்கென ஒதுக்கப்பெறுதல் வேண்டும். சிறியோர்க்குப் பெரியோர் கதை படித்துக் காட்டுக. அடுத்த கிழமை அப்பிள்ளையே அக்கதையைப் பிறமொழி கலவாமற் சொல்லுக. அறிவியற் செய்திகளைத் தமிழிலேயே வினவி, தமிழிலேயே விடை காண்க. வளர்ந்த மாணவர் தாமே எழுதி, படம் வரைந்து, கையெழுத்து இதழொன்றைத் திங்கள்தோறும் நூலகப் பலகையில் வைக்குக. இவற்றுக்கு வேண்டுவது பெருஞ்செலவன்று. ஒரு பாயும், சில தாள்களும், மனமுடையார் ஒருவருமே.

அவற்றினும் மேலான பணி ஒன்றுண்டு. பாவாணர் தம் சொல்லாராய்ச்சிக்கு ஏட்டுச் சொற்களோடு நாட்டுப்புற மக்கள் வாய்ச்சொற்களையும் அடிப்படையாய்க் கொண்டார். 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியை, 1981-இல் தாம் மறையும்வரை அவர் தலைமை தாங்கி நடத்தினார். அவர் பெயரால் சென்னை அண்ணா சாலையில் மாவட்ட நடுவண் நூலகமும் விளங்குகின்றது. அப்பெயருக்குச் செய்யும் உண்மையான சிறப்பு எது? ஊர்தோறும் பிள்ளைகள் குறிப்பேட்டோடு புறப்பட்டு, உழவரிடம் மேழி, கொழு, நுகம், தார்க்கோல் என்பவற்றையும், நெசவாளரிடம் பாவு, ஊடை என்பவற்றையும், மீனவரிடம் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கு வழங்கும் பெயர்களையும் கேட்டெழுதித் தொகுத்தலே அன்றோ! ஏரும் கைத்தறியும் மறையுங்கால் அவற்றோடு நூறுநூறு சொற்களும் மறைகின்றன. அவற்றைக் காக்கும் பணிக்குப் பன்னிரண்டு அகவைப் பிள்ளையின் காதும் கையும் போதும். அங்ஙனம் தொகுத்த பிள்ளைக்குத் தமிழ் பாடமாக மட்டும் தோன்றாது; தன் வீட்டுச் செல்வமாகத் தோன்றும்.

தேர்வுக்குப் படிக்கும் இளைஞரைக் குறைகூறுதல் முறையன்று. வீட்டில் அமர்ந்து படிக்க இடமும் விளக்கும் இல்லாதவர்க்கு நூலகமே வீடு. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் தேறுதல் கட்டாயம் ஆக்கப்பெற்றதால், அவர்கள் தமிழைப் பழுதறக் கற்றும் வருகின்றனர். அக்கல்வி தேர்வறையோடு முடிந்துவிடல் ஆகாது. நூலகத்தால் வாழ்வு பெறவிருக்கும் அவ்விளைஞர், கிழமைக்கு ஒரு மணிநேரம் அதே நூலகத்தில் சிறுவர் ஐவர்க்குத் தமிழ் படிக்கக் கற்பிப்பின், ஊர் செலுத்திய வரிக்கு உரிய கைம்மாறு அதுவாகும்.

நூலகத்தின் அருமையை நண்பரினும் பகைவர் நன்கறிவர். 1981 மே இறுதியில், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரியூட்டப்பெற்றன. ஓரினத்தை வீழ்த்த அதன் நூல்களை எரித்தல் வேண்டும் என்பதை எரித்தவர் அறிந்திருந்தனர். அங்கு நெருப்பு ஓரிரவிற் செய்ததை, இங்குக் கறையான் ஓசையின்றிச் செய்து கொண்டிருக்கின்றது. நெருப்பைக் கண்டு கொதித்தெழுந்த தமிழர், கறையானைக் கண்டு வாளா இருத்தல் தகுமோ?

பிள்ளைகளின் கைபட்டுத் தேய்ந்த நூலைக் கறையான் அண்டுவதில்லை. வரும் ஞாயிறன்றே பெற்றோர் ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் கைபிடித்து ஊர்நூலகத்திற்கு நடப்பாராக! அங்குள்ள இளைஞர் அப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பாராக!