மாட்டுக்குப் பல்; மடிக்கணினிக்குக் கீல்!

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர், கயிற்றைக் கையில் வாங்கியதும் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறாரா? இல்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். சுழியைப் பார்க்கிறார். நாலு அடி நடக்கவிட்டு, கால் தாங்குகிறதா என்று பார்க்கிறார். கொம்பைச் சீவி, உடம்பைக் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தாலும் அவர் மயங்குவதில்லை. கிழட்டு மாட்டைக் குளிப்பாட்டினால் அது காளைக்கன்று ஆகிவிடாது என்பது அவருக்குத் தெரியும்.

அதே மனிதர், மகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போகிறார். அங்கே மட்டும் வாயடைத்து நிற்கிறார்.

"ரீபர்பிஷ்டு அண்ணே! புதுசு மாதிரியே இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

பார்த்தால் பளபளவென்று மின்னுகிறது. திரையில் படம் ஓடுகிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். பல்லையும் பார்க்கவில்லை, நடையையும் பார்க்கவில்லை.

மலையில் இது சின்ன விஷயமா?

கள்ளக்குறிச்சி நகரத்தில் இருப்பவருக்கு, வாங்கிய பொருள் கெட்டால் கடைக்கு நடந்தே போய்ச் சண்டை போடலாம். கல்வராயன் மலையில் இருப்பவர் என்ன செய்வார்?

1976-ல்தான் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்ட மலை அது. சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைத்த மலையாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். பல வீடுகளில், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளே அந்தப் பிள்ளைதான்.

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கை ஆலைக்குப் போட்ட காசு, இரண்டு ஆடு விற்ற காசு, மகளிர் குழுவில் அம்மா வாங்கிய கடன், எல்லாம் சேர்த்து 15 ஆயிரமோ 20 ஆயிரமோ தேறுகிறது. மடிக்கணினி வீட்டுக்கு வருகிறது. மூன்றாவது மாதம், மூடியைத் திறக்கும்போது 'படக்' என்று ஒரு சத்தம். மூடியின் மூலை பிளந்து நிற்கிறது. மறுவாரம் திரை கறுத்துப் போகிறது.

வெள்ளிமலையில் பஸ் ஏறி, வளைந்து வளைந்து இறங்கி, கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஹிஞ்சு போயிருச்சு. அதுக்கு வாரண்டி கிடையாதே!" என்கிறார். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று போய் வாங்கியிருந்தால், 200 கிலோமீட்டருக்கு மேல் திரும்பப் போக வேண்டும். யார் போவார்கள்? மடிக்கணினி பரணுக்குப் போகிறது. கடன் மட்டும் மாதாமாதம் வீட்டுக்கு வருகிறது.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மலை ஊர்களிலும் பல வீடுகள் முதன்முதலில் கண்ட மடிக்கணினி அதுதான். இடையில் சில ஆண்டுகள் அது நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தருவதாக அறிவித்து, 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கும், படிப்பை முடித்து வேலை தேடுகிறவருக்கும், பட்டியலில் விட்டுப்போனவருக்கும் பழைய மடிக்கணினிதான் வழி. அதை வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. புதியதன் விலையில் பாதிக்கும் கீழே நல்ல சாமான் கிடைக்கத்தான் செய்கிறது. எது நல்ல சாமான் என்பதுதான் கேள்வி.

எங்கிருந்து வருகிறது?

பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு ஆயிரக்கணக்கில் மடிக்கணினி கொடுக்கின்றன. மூன்று, நான்கு ஆண்டு ஆனதும் அவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாக எடுக்கின்றன. கழித்தவை மொத்த வியாபாரிகளிடம் வருகின்றன. அவர்கள் துடைத்து, கெட்ட பாகத்தை மாற்றி, 'ரீபர்பிஷ்டு' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்.

இதில் ஒரு நன்மை உண்டு. அலுவலகத்துக்கென்று செய்த மடிக்கணினியின் உடம்பு பொதுவாகக் கெட்டியானது. லெனோவோவின் 'திங்க்பேட்', டெல்லின் 'லாட்டிட்யூட்', எச்.பி.யின் 'எலைட்புக்' ஆகியவை இந்த ஜாதி. இவற்றில் பல மாடல்களுக்கு உள்ளே உலோகச் சட்டம் இருக்கும். திங்க்பேடை 1992-ல் முதலில் செய்தது ஐ.பி.எம். கம்பெனி. 2005-ல் அந்த வியாபாரமே லெனோவோவுக்குக் கைமாறியது. பெயர் நிலைத்ததற்குக் காரணம் அந்த உடல் உறுதிதான்.

வீட்டு உபயோகத்துக்கென்று மலிவாகச் செய்தவை வேறு. அவற்றின் சட்டமே பிளாஸ்டிக். புதிதாக வாங்கி இரண்டு ஆண்டு ஓட்டினால் போதும் என்ற கணக்கில் செய்தவை பல. நான்கு ஆண்டு உழைத்த பிறகு அவற்றுக்குப் பாலிஷ் போட்டுக் கடையில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே விலையில் நிற்கின்றன. பலர் புதுமையாகத் தெரிகிற பிளாஸ்டிக்கைத்தான் எடுக்கிறார்கள். கறுப்பாய், தடியாய், அழகில்லாமல் இருக்கும் மற்றது கடையிலேயே தங்கிவிடுகிறது!

கீல் என்னும் மர்மம்

கதவுக்குக் கீல் இருப்பதுபோல் மடிக்கணினிக்கும் இரண்டு கீல்கள் உண்டு. மூடியும் அடிப்பாகமும் சேருகிற இடத்தில் அவை மறைந்திருக்கும். 'ஹிஞ்சு' என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான்.

கீல் உலோகம். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது எது? பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னத் தூண்கள் இருக்கும். ஒவ்வொரு தூணிலும் ஒரு பித்தளை மரையைப் பதித்து, அதில் எள்ளைவிடச் சற்றே பெரிய திருகாணியை முடுக்கியிருப்பார்கள். மூடியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கீல் அந்தத் தூணை இழுக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்றால், ஓர் ஆண்டில் மூவாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல்! நாளாக ஆகக் கீல் இறுகுகிறது. உள்ளிருக்கும் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிறது. ஒரு நாள் கீல் உடைவதில்லை, தூண் உடைகிறது. பித்தளை மரை பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வருகிறது.

திரைக்குப் போகும் கேபிளும் கீலின் ஓரமாகத்தான் போகிறது. கீல் விலகினால் கேபிள் நசுங்குகிறது. திரை மினுக்குகிறது, பிறகு இருண்டுவிடுகிறது.

இதைச் சரியாக ரிப்பேர் செய்ய வேண்டுமானால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். சிலர் பசையை ஊற்றி ஒட்டிவிட்டு, மேலே வழுவழுப்பான ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியது சில வாரம் நிற்கும். விற்கும் வரை நின்றால் அவர்களுக்குப் போதுமே!

இங்கேதான் ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் மடிக்கணினியைத் திறந்த நிலையில்தான் வைத்திருப்பார்கள். பார்வைக்கு அழகு என்பது ஒரு காரணம். ஆனால் கீலின் குறை, திறந்து வைத்திருந்தால் தெரியாது. திறந்து மூடினால்தான் தெரியும். ஆகவே மூடச் சொல்லுங்கள். பிறகு நீங்களே மெதுவாகத் திறந்து பாருங்கள். ஐந்தாறு தடவை செய்யுங்கள். கறகற என்றோ படக்கென்றோ சத்தம் வருகிறதா? திறக்கும்போது பின்மூலையில் அடிப்பாகம் வாய் பிளக்கிறதா? பாதியில் விட்டால் மூடி அப்படியே நிற்கிறதா, தலை சாய்கிறதா? திறக்கும்போது திரை ஒரு கணமாவது மினுக்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும், வந்த வழியே திரும்பிவிடலாம்.

உப்பும் பேட்டரி

அடுத்து, மடிக்கணினியை மூடிச் சமமான மேசைமேல் வைக்க வேண்டும். நாலு காலும் பதிகிறதா, ஆடுகிறதா? விரலால் தடவி அம்பை நகர்த்தும் பட்டை (டச்பேட்) மேடாக எழும்பியிருக்கிறதா? எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். லித்தியம் பேட்டரி உப்புவது விளையாட்டு அல்ல. குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும். கூரை வீட்டில் அது சார்ஜ் ஆகிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

உப்பாத பேட்டரியும் களைத்துப் போயிருக்கலாம். விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் 'பேட்டரி ரிப்போர்ட்' என்று ஓர் அறிக்கை எடுக்கலாம். கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்ட முடியும். செய்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிதான் என்றால், புதுப் பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காற்றும் மழையும் அடித்தால் மின்சாரம் போய்விடும் ஊருக்கு, பேட்டரிதான் உயிர்.

சார்ஜர் அந்த மடிக்கணினியோடு வந்ததா, எங்கிருந்தோ பொருத்தியதா என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். இல்லாததைத் தொட வேண்டாம். சார்ஜர் ஊசியைச் செருகி லேசாக அசைத்தால் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால், பல கைகள் அதைத் திறந்து மூடியிருக்கின்றன என்று அர்த்தம். இரண்டு திருகாணி காணோம் என்றால் இன்னும் மோசம்.

உடம்பு கெட்டியாக இருந்தாலும் வயது ஒரு தடை ஆகலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால், இன்டெல் பிராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வாங்குகிறவர் சரக்கைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பு என்று பிறகு வாதாடுவது கடினம். கடையில் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டி மறைத்த குறை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அங்கே கைகொடுக்கிறது. பில் கொடுக்காமல் விற்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வாணிபம். குறையுள்ள பொருளை, பில்லில் எழுதிய நாளுக்குள், நாள் எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடைச் சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை சென்னையில் இருந்தாலும், தான் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதல் படியாக 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் சொல்லலாம். இத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு காகிதம்: பில். "பில் வேண்டாம் என்றால் 500 ரூபாய் குறைக்கிறேன்" என்பார்கள். அந்த 500 ரூபாய்க்கு, பின்னால் கேள்வி கேட்கிற உரிமையையே விற்றுவிட்டதாக ஆகும்.

கடைக்காரர்களுக்கும் அரசுக்கும்

எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுக்காரர் அல்ல. கீலைக் கழற்றிப் பார்த்து, நல்ல பாகம் போட்டு, ஆறு மாத வாரண்டி எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒட்டுப்போட்டு விற்கிறவருக்கும் வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் அநியாயம். 'ஏ கிரேடு', 'பி கிரேடு' என்று சொல்கிறார்கள். ஒரு கடையின் 'ஏ' அடுத்த கடையின் 'பி'யாக இருக்கிறது!

புதுப்பித்த மடிக்கணினி ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். எந்த ஆண்டு செய்தது, எந்தெந்தப் பாகம் மாற்றியது, கீல் ரிப்பேர் ஆனதா, பேட்டரி எவ்வளவு பிடிக்கிறது என்று தமிழில் நான்கு வரி. இதற்குப் பெரிய செலவு இல்லை. அரிசி மூட்டையில் எடையை அச்சடிக்கச் சொல்கிற அரசுக்கு இது முடியாத காரியமா?

மாவட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கல்லூரியில் இடம் பிடித்த பிள்ளைகள் ஜூன், ஜூலையில்தான் மடிக்கணினி தேடி அலைகிறார்கள். அந்த இரண்டு மாதமும், கணினிப் பாடம் நடத்தும் அரசுக் கல்லூரி எதிலாவது சனிக்கிழமை தோறும் ஒரு மேசை போடலாம். ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் உட்கார்ந்தால் போதும். மலையிலிருந்து வருகிற தகப்பனார், கடையில் முன்பணம் மட்டும் கட்டிவிட்டு, சாமானை அங்கே கொண்டுவந்து காட்டட்டும். சொன்னது சரி என்றால் மீதிப் பணம். இல்லை என்றால் சாமான் கடைக்கே. இதற்குச் சம்மதிக்கிற கடை எது, சம்மதிக்காத கடை எது என்பது முதல் சனிக்கிழமையே கள்ளக்குறிச்சி முழுவதும் தெரிந்துவிடும்.