பெரியதற்குச் சலுகை, சிறியதற்குத் தடை

அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும் என்று மோட்டார் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையை, அவற்றில் ஒன்றே 2021-இல் பொய்யாக்கியது. அந்த ஆண்டு ஃபோர்டு அறிமுகப்படுத்திய 'மேவரிக்' என்ற சிறிய பிக்அப் வண்டியின் தொடக்க விலை 19,995 டாலர். அடிப்படை மாடலிலேயே ஹைபிரிட் எஞ்சின். நகரச் சாலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். சில மாதங்களுக்குள் ஹைபிரிட் முன்பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டு மீண்டும் திறந்த முன்பதிவு ஏறத்தாழ ஒரு வாரத்தில் மூடப்பட்டது. 2024-இல் மட்டும் 1,31,000-க்கும் மேற்பட்ட மேவரிக்குகள் விற்றன.

இதை ரசனை மாற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. "மக்கள் கேட்டார்கள், நாங்கள் கொடுத்தோம்" என்ற நிறுவனங்களின் வாதத்துக்கு எதிராக வாடிக்கையாளர்களே அளித்திருக்கும் சாட்சியம் இது. சிறிய வண்டி போதும் என்று நினைத்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். அவர்களுக்கு விற்கத்தான் யாரும் முன்வரவில்லை. செவர்லே தனது எஸ்-10 பிக்அப்பை 2004-இல் நிறுத்தியது. ஃபோர்டு ரேஞ்சரைத் தயாரித்துவந்த மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் தொழிற்சாலை 2011 டிசம்பரில் மூடப்பட்டது. 2019-இல் அதே பெயரில் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பிய வண்டி, பழைய ரேஞ்சரைவிடப் பெரியது. இடையில், 2018-இல், வட அமெரிக்காவில் செடான் கார்களையே கைவிடப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. பெரிய வண்டியில் கிடைக்கும் லாபம் சிறியதில் கிடைப்பதில்லை என்பதே காரணம். கடைக்காரர் தட்டில் வைக்காத பொருளை யாரும் வாங்கவில்லை என்று சொல்வது நேர்மையான கணக்கு அல்ல.

ஆனால், பழி நிறுவனங்களோடு முடிவதில்லை. வண்டிகள் பெருத்ததில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை உயர்த்தின. பதிலடியாக, அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, பிக்அப் உள்ளிட்ட இலகுரக லாரி ஆகியவற்றின் மீது 25 சதவீத இறக்குமதி வரி விதித்தார். கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. மற்ற பொருள்கள் மீதான வரியும் விலகியது. லாரி வரி மட்டும் அறுபது ஆண்டுகளாக நிற்கிறது.

அந்த வரியிலிருந்து தப்ப நடந்த கூத்துகள் ஏராளம். சுபாரு நிறுவனம் தனது 'பிராட்' பிக்அப்பின் திறந்த பின்தொட்டியில் இரண்டு இருக்கைகளைப் பற்றவைத்து, அதைப் பயணிகள் கார் என்று காட்டி இறக்கியது. ஃபோர்டே துருக்கியில் செய்த 'டிரான்சிட் கனெக்ட்' வேன்களைப் பின்னிருக்கைகளோடு கொண்டுவந்து, சுங்கம் கடந்ததும் அந்த இருக்கைகளைப் பிடுங்கியெறிந்தது. இதற்காக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள 2024-இல் அது 36.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. தாய்லாந்தில் 2023-இல் டொயோட்டா வெளியிட்ட 'ஹைலக்ஸ் சாம்ப்' என்ற எளிய பிக்அப்பின் தொடக்க விலை 4,59,000 பாட், அன்றைய மதிப்பில் சுமார் 13,000 டாலர். அத்தகைய வண்டி அமெரிக்க உழைப்பாளியின் கைக்கு எட்டாமல் தடுக்கும் சுவர்களில் முதலாவது இந்த வரி. மேவரிக் இதிலிருந்து தப்பியதற்கும் காரணம் உண்டு. அது மெக்சிகோவின் எர்மோசியோவில் தயாராகிறது. மெக்சிகோவோடு அமெரிக்காவுக்குத் தனி வர்த்தக உடன்படிக்கை இருக்கிறது.

இரண்டாவது காரணம் எரிபொருள் விதி. 1970-களில் வந்த மைலேஜ் சட்டத்தின் கீழ், கார்களுக்குக் கடுமையான இலக்கும் இலகுரக லாரிகளுக்குத் தளர்வான இலக்கும் வைக்கப்பட்டன. 2007-இல் திருத்தப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் இலக்கு வகுக்கப்பட்டது. பரப்பு கூடக் கூட இலக்கு தளரும். சிறிய பிக்அப் செய்பவருக்கு மிகக் கடினமான இலக்கு. அதையே நீட்டி அகலப்படுத்தினால் எளிய இலக்கு. எரிபொருளைச் சேமிக்க எழுதிய விதியே வண்டியைப் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்தது. இப்போது அந்த விதிக்கும் பல் இல்லை. அதை மீறினால் கட்டவேண்டிய அபராதத்தை 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம் பூஜ்யமாக்கிவிட்டது.

மூன்றாவது, வருமான வரி. தொழிலுக்காக வாங்கும் சாதாரணக் காருக்கு ஆண்டுதோறும் கழிக்கக்கூடிய தேய்மானத்துக்கு உச்சவரம்பு உண்டு. சுமையோடு சேர்த்து 6,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 2,700 கிலோவுக்கு மேல் தகுதி பெற்ற வண்டிக்கு அந்த வரம்பு பொருந்தாது. குழாய் வேலைக்குச் செல்பவர் தனக்குப் போதுமான சிறிய வண்டியை வாங்கினால் சலுகை குறைவு. வீட்டுமனைத் தரகர் தனக்குத் தேவையே இல்லாத கனத்த வண்டியை வாங்கினால் சலுகை அதிகம். கனத்தைத் தகுதியாக்கி, பொதுப்பணத்திலிருந்து அதற்குப் பரிசும் கொடுத்த ஓர் அரசு, மக்களின் பேராசையைக் குறைசொல்லும் உரிமையை இழந்துவிடுகிறது.

இந்தப் பரிசின் விலையைக் கொடுப்பது யார் என்பதில்தான் இது வணிகச் செய்தியாக இல்லாமல் அறப் பிரச்சினையாகிறது. 2009-இல் அமெரிக்கச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022-இல் அது 7,500-ஐத் தாண்டியது. வேகம், கைபேசி, இருண்ட சாலை, நடைபாதையே இல்லாத புறநகர் என இதற்குப் பல காரணங்கள் உண்டு. பழி முழுவதையும் வண்டியின் உருவத்தின் மீது போடுவது நியாயமாகாது. ஆனால், உருவத்துக்குப் பங்கே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-இல், ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து முன்பக்கம் சரிந்திருக்கும் வண்டியைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. தாழ்ந்த பானெட் காலில் மோதி ஆளை மேலே சாய்க்கிறது. உயர்ந்த பானெட் மார்பிலும் தலையிலும் நேராக இடிக்கிறது. குழந்தை என்றால், ஓட்டுநரின் கண்ணுக்கே படாமல் போகவும் கூடும். மின்சாரத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஜிஎம்சி நிறுவனத்தின் மின்சார 'ஹம்மர்' நான்கு டன்னுக்கு மேல் எடை கொண்டது. புகை வராததால் மோதலின் வலு குறைவதில்லை.

இந்த அநீதியின் உச்சம் ஜப்பானின் 'கெய்' லாரிகளுக்கு அமெரிக்காவில் நேர்ந்த கதி. எஞ்சின் 660 சிசி-யைத் தாண்டாது, நீளம் 3.4 மீட்டரையும் அகலம் 1.48 மீட்டரையும் மிஞ்சாது. இறக்குமதிச் சட்டம் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளை மட்டுமே எளிதாக அனுமதிக்கிறது. அப்படியிருந்தும் விவசாயிகளும் சிறு தொழில் செய்வோரும் கால் நூற்றாண்டுப் பழைய கெய் லாரிகளைக் கப்பலில் வரவழைத்துக்கொள்கிறார்கள். பல கெய் லாரிகளின் சரக்குத் தொட்டி சுமார் 1.9 மீட்டர் நீளம். கெய் லாரியைவிட மிகப் பெரிய உடல் கொண்ட ஃபோர்டு எஃப்-150-இன் ஐந்தரை அடித் தொட்டியைவிட இது நீளமானது. உடல் பெருத்து, சுமை ஏற்றும் இடம் குறுகிப்போன ஒரு வண்டிக்கு 'வேலைக்கான வண்டி' என்று பெயர்.

இந்தச் சிறிய லாரிகளைத்தான் மெய்ன், ஜார்ஜியா, ரோட் ஐலண்ட் போன்ற மாநிலங்கள் பதிவு செய்ய மறுத்தன. காரணம், பாதுகாப்பு. பழைய கெய் லாரியில் மோதல் பாதுகாப்பு குறைவு என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த ஆபத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? எதிரே வரும் மூன்று டன் வண்டியிலிருந்து. இடிப்பவனுக்கு வரிச்சலுகை, இடிபடுபவனுக்குப் பதிவு மறுப்பு என்பது எந்த நீதி? உரிமையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு டெக்சஸும் மாசசூசெட்ஸும் 2024-இல் தங்கள் தடையிலிருந்து பின்வாங்கின. வரவேற்கத்தக்கது, ஆனால் போதாது.

பெரிய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்குவது நம் நோக்கமல்ல. கால்நடை டிரெய்லரை இழுக்கும் கன்சாஸ் விவசாயிக்கும், கட்டுமானப் பொருள் ஏற்றும் மேஸ்திரிக்கும் அது தொழிற்கருவி. நம் கேள்வி, அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கடைக்கும் தனியாளாக அதை ஓட்டிச் செல்பவரிடம்தான். "என் குடும்பத்தின் பாதுகாப்புக்காக" என்று அவர் சொல்வார். அந்தப் பாதுகாப்பு, எதிரே சிறிய காரில் வரும் குடும்பத்திடமிருந்தும், சாலையைக் கடக்கும் முதியவரிடமிருந்தும் பிடுங்கப்பட்டது. ஒருவர் பெரிய வண்டிக்கு மாறினால் பக்கத்து வீட்டுக்காரரும் பயந்து மாறுகிறார். கடைசியில் எல்லோர் செலவும் கூடுகிறது. நடந்து செல்பவர்தான் யாரிடமும் முறையிட முடியாமல் நிற்கிறார்.

சிறிய பிக்அப்பின் வெற்றியைக் கொண்டாடுவோரும் அளவறிந்து பேச வேண்டும். மேவரிக்கே ஐந்து மீட்டர் நீளம் கொண்டது. அமெரிக்க அளவுகோலில்தான் அது சிறியது. அதன் தொடக்க விலை நான்கே ஆண்டுகளில் 26,000 டாலரைத் தாண்டிவிட்டது. எளியவருக்கான வண்டி என்ற பெயர் நிலைக்குமுன்பே விலை ஏறிவிட்டது. 2024-இலும் ஃபோர்டின் எஃப் வரிசைப் பெரிய பிக்அப்கள் 7 லட்சத்துக்கு மேல் விற்றன. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முதலீடு பெற்ற 'ஸ்லேட்' நிறுவனம், பெயின்ட்கூட அடிக்காத இரண்டு இருக்கை மின்சாரப் பிக்அப்பை 20,000 டாலருக்குள் தருவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. கூட்டாட்சி அரசின் மின்வாகனச் சலுகையை நம்பிச் சொன்ன விலை அது. அந்தச் சலுகை அதே ஆண்டு செப்டம்பரோடு முடிந்தது. கனத்த வண்டிக்கான வரிக்கழிவு மட்டும் தொடர்கிறது. வாங்குவோரின் மனமாற்றம் மட்டுமே சட்டத்தின் சாய்வை நிமிர்த்திவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. இந்தியாவின் 2006 பட்ஜெட், நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. நாட்டின் பல கார்கள் அந்த அளவுக்குள் அடங்கின. அதற்கு முந்தைய ஆண்டு வந்த டாடா ஏஸ், நம் ஊரின் குட்டி யானை, பெரிய லாரி நுழையாத சந்துகளிலும் சரக்கைச் சேர்த்துப் பல்லாயிரம் பேருக்குத் தொழில் கொடுத்தது. சட்டம் எதை ஊக்குவிக்கிறதோ அந்த உருவில் வண்டி வரும் என்பதற்கு அமெரிக்காவும் இந்தியாவும் எதிரெதிர் உதாரணங்கள். ஆனால், இன்று இங்கும் விற்கும் பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் எஸ்யுவி வகையைச் சேர்ந்தவை. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், பெரியவற்றுக்கு அதைவிட அதிகமாக 40 சதவீதம் இருப்பதும் சரியான திசைதான். எனினும், அந்த வரி நீளத்தையும் எஞ்சினையும் அளக்கிறது. பானெட் உயரத்தையும் எடையையும் அளப்பதில்லை. நான்கு மீட்டருக்குள் நின்றுகொண்டே வண்டிகள் மேல்நோக்கி வளர்கின்றன. 2022-இல் மட்டும் 32,825 பாதசாரிகளைச் சாலையில் பலிகொடுத்த நாடு இதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

நம் தீர்ப்பு இதுதான். முதல் குற்றவாளி, கனத்துக்குச் சலுகை கொடுத்த அரசு. இரண்டாமவர், அந்தச் சலுகையை லாபமாக்கிக்கொண்டு அதை மக்கள் விருப்பம் என்று விளம்பரப்படுத்திய நிறுவனங்கள். மூன்றாமவர், தேவையில்லாமல் வாங்கி, அதன் ஆபத்தை அடுத்தவர் தலையில் இறக்கியவர். அமெரிக்கா, கோழிச் சண்டையில் பிறந்த அறுபதாண்டு லாரி வரியை நீக்க வேண்டும். 6,000 பவுண்டுச் சலுகையை, உண்மையாகவே சுமை ஏற்றும் தொழில்களோடு நிறுத்த வேண்டும். பானெட் உயரத்துக்குச் சட்ட வரம்பு விதிக்க வேண்டும். இந்தியா, அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே எடையையும் முன்பக்க உயரத்தையும் வரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறிய வண்டியே போதும் என்று பணம் கட்டிக் காத்திருந்த மக்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். இனி ஆள்வோர் சாக்குச் சொல்ல இடமில்லை.