பெட்டிக்குள் இருக்கும் பவுனுக்கு ஜகாத் இல்லையா?



கடந்த ரமளானில் எங்கள் பிரம்மதேசத்தில் ஜகாத் கணக்குப் பார்க்க ஒரு வீட்டார் என்னை அழைத்திருந்தனர். நகைகளை எழுதி முடித்தபின் வீட்டுப் பெரியவர் ஒரு சிறு பெட்டியைத் திறந்தார். உள்ளே பதினான்கு பழைய ஆங்கிலேயப் பவுன்கள். ஒன்று 1918இல் பம்பாயில் அடிக்கப்பட்டது. இலண்டன் நாணயச்சாலையின் பம்பாய்க் கிளை பவுன் அடித்தது அந்த ஓராண்டில் மட்டுமே. "ஹஜ்ரத், இவை அபூர்வச் சேகரிப்பு, நகையும் இல்லை, செலவுப் பணமும் இல்லை. இதற்கு ஏது ஜகாத்?" என்றார்.

இந்த வாதத்தை இப்போது பல வீடுகளில் கேட்கிறேன். சேகரிப்பதை ஹராம் என்று நான் கூறவில்லை. ஆனால் 'சேகரிப்பு' என்று பெயர் சூட்டிவிட்டால் தங்கம் தங்கமில்லாமல் போய்விடுமா? ஷாஃபிஈ மத்ஹபில் விலக்களிக்கப்பட்டது பெண்கள் அணியும் ஆகுமான நகைக்குத்தான். பெட்டியில் கிடக்கும் நாணயத்திற்கு அன்று. ஹனஃபி மத்ஹபில் அந்த விலக்கும் கிடையாது. சூரா தவ்பாவின் 34ஆம் வசனம் கண்டிப்பது, பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களைத்தான். அபூர்வ நாணயத்திற்கு அங்கே தனிச் சலுகை ஏதுமில்லை.

சலுகை கொடுத்தது அமெரிக்கா. 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் மக்களின் தங்க நாணயங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, சேகரிப்போரின் அரிய நாணயங்களுக்கு விலக்களித்தார். அந்நாட்டில் 1908 முதல் 1915 வரை, செலவிடுவதற்கன்றி வைத்துப் பார்ப்பதற்கென்றே 'புரூஃப்' தங்க நாணயங்கள் அடித்தார்கள். அவற்றுள் இருபது டாலர் நாணயத்தில் சுத்தத் தங்கம் மட்டும் 30 கிராம். எவ்வளவு அழகாயிருந்தாலும் மூன்று சேர்ந்தால் நிஸாப் நிறைந்துவிடும்.

நம் பவுனின் கணக்கையும் பாருங்கள். எடை 7.988 கிராம், சுத்தத் தங்கம் 7.32 கிராம். இருபது தீனார் என்ற நிஸாபை 85 கிராம் என்று கொண்டு, சுத்தத் தங்கத்தை மட்டும் எண்ணும் ஷாஃபிஈ முறையில் பன்னிரண்டு பவுனில் கடமையாகிறது. தங்கம் மிகைத்திருந்தால் முழு எடையையும் தங்கமாகக் கொள்ளும் ஹனஃபி முறையில், நம் நாட்டு வழக்கான 87.48 கிராம் பதினொரு பவுனிலேயே நிறைகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பழைய பவுன் ஒன்றைக் கொடுத்து, 'அபூர்வம்' என்று கூடுதல் எடைக்குத் தங்கம் வாங்குகிறார்கள். தங்கத்திற்குத் தங்கம் சம எடையில், கைக்குக் கை இருக்க வேண்டும், மிகுதி வட்டியாகும். தரமான பேரீச்சம்பழத்திற்காக மட்டமானதை இருமடங்கு கொடுத்தவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, விற்றுப் பணமாக்கி அதைக்கொண்டு வாங்கச் சொன்னார்கள். அரிய பவுனை ரூபாய்க்கு எவ்வளவு விலைக்கும் விற்கலாம், தடையில்லை.

அந்தப் பெரியவரின் பதினான்கு பவுனுக்கு இரண்டரை சதவீதம் 2.8 கிராம்தான். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இருபது வருஷமாய் வைத்திருக்கிறேனே, ஹஜ்ரத்" என்றார். விடுபட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்து அன்றிரவே எழுதத் தொடங்கினோம்.