துப்பினால் துப்பட்டும்

பேத்திக்கு ஒன்பது மாதம். பருப்புச் சாதத்தில் முருங்கைக்கீரையை மசித்து ஊட்டினேன், துப்பினாள். "பிடிக்கல, விடுங்க அத்தை" என்று மருமகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். நான் விடவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு விரல்நுனி. எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, தானே வாயைத் திறந்தாள். புதுச் சுவை பழகப் பத்துத் தடவைகூட ஆகும். நாம்தான் இரண்டிலேயே கைகழுவிவிடுகிறோம்.

தமிழக அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15-ல் எங்கள் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில்தான் தொடங்கியது. தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பது நல்லதுதான். கூடவே இந்தப் பொறுமையையும் அங்கன்வாடியில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், தெருக்கடையில் ஐந்து ரூபாய்த் தின்பண்டப் பாக்கெட்டுச் சரம் கண்ணெதிரே தொங்குகிறதே!

நேற்றுக் குழம்பிலிருந்த செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை நசுக்கிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள். சனிக்கிழமை மறுபடி பார்க்கலாம்.